கரடியனாற்றில் நின்றுபோன இத்தாலிப் பைக்

போன ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் பெற்றோல் செட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நின்ற கோலத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது. ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் மில்லில் அரைத்த அரிசி மா மூட்டை. அதனால் முழங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து, அடைகாக்கிற கோழி மாதிரி இருந்தேன். ஹேண்டிலில் மரக்கறிப் பை. தலையில் மகளின் ஹெல்மெட். என்னுடையதைக் காணவில்லை, நேரமாகிறதே என்று கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அது இளஞ்சிவப்பு நிறம். அதன் பக்கவாட்டில் வரைந்த ஒரு பூனைக்குட்டி கண்ணடித்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். அறுகம்பையில் குளித்துவிட்டுப் பாசிக்குடாவில் குளிக்கப் போகிற கொழும்புக்காரர்கள். இந்த வெயிலுக்குத் தோல் ஜக்கெட். நாலைந்து பெரிய பைக்குகள், அதில் ஒன்று சிவப்பு. அதை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான் ஒருவன். எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே எதுவோ டிக் டிக் என்று சத்தம் போட்டது. சூடான எண்ணெயும் வெந்த இறப்பரும் கலந்த ஒரு மணம் வந்தது. எனக்கு அந்த மணம் தெரியும். என்னை அறியாமல் கழுத்தை நீட்டி முகர்ந்திருக்கிறேன் போல. "அண்ணே, மாவோட கொஞ்சம் முன்னுக்குப் போங்க, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்றான் பெற்றோல் அடிக்கிற தம்பி. ஜக்கெட்காரன் என் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தான். நானும் இத்தாலிப் பைக் ஓடியவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பூனைக்குட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதை யாரிடம் சொல்வது?

உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மணத்தை எனக்குப் பழக்கியவன் தீபன். அம்மாவின் அண்ணன் மகன், ஆகவே மச்சான். சண்டை முடிந்து, ரோட்டுக்கெல்லாம் தார் ஊற்றிக் கார்ப்பட் போட்டு, எல்லாரும் ஏதாவதொன்றை வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட காலம் அது. தீபன் இத்தாலியிலிருந்து திரும்பி வந்தான். அங்கே முதலில் கடைகளில் கோப்பை கழுவியிருக்கிறான். பிறகு தனியாக இருந்த ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தக் கிழவர் இளமையில் பைக் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். அவருடைய சிபாரிசில் தீபனுக்குக் கிடைத்தது அந்தச் சிவப்புப் பைக். காசோடு போனவனுக்கெல்லாம் கொடுக்கிற சாமான் இல்லையாம், பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். அதைக் கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, எந்த அரசாங்கக் கந்தோரில் எந்தக் கதவைத் தட்டினானோ, ஒருநாள் லொறியில் எங்கள் ஊரான நாவற்குடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

ஒழுங்கை முழுக்க ஆட்கள். எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" தீபன் பொய் சொல்லத் தெரியாதவன். அவன் சொன்னதைக் கேட்டதும் கேட்டவர்களின் முகம் செத்தவீட்டுக்கு வந்தவர்களின் முகமாக மாறும். "அப்ப இதால என்ன பிரயோசனம் தம்பி?" என்பார்கள், மிகவும் அன்பாக.

அந்தச் சாதிப் பைக்கில் பொதுவாக ஒரு சீட்தான் இருக்குமாம். தீபனுடையது இரண்டு பேருக்கென்று கொஞ்சமாகச் செய்த மொடல். பின் சீட் என்றதும் அகலமாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வெற்றிலைத் தட்டளவு இருக்கும். முன்னால் இருப்பவனைவிட ஒரு முழம் உயரம். நான் முதல் தடவை ஏறியபோது என் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. பிரேக் பிடித்தால் என் நாடி தீபனின் தலையில் இடிக்கும். கையால் பிடிக்க ஒன்றும் கிடையாது, ஆளைத்தான் பிடிக்க வேண்டும். காத்தான்குடிச் சந்தியைத் தாண்டும்போது பள்ளிவாசல் முன்னால் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். மரியாதை என்று நினைத்து நானும் கை காட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் பின்னால் கொடியாகப் பறந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"ஒராள் மொடல் இதவிட வேகம் எண்டு சொன்னாய்" என்று கேட்டேன் இறங்கிய பிறகு.

"ஓம். காத்துக்கிடக்கவும் தேவையில்ல. உடனே தருவானுகள்."

"மறுகா ஏன்டா இத எடுத்தாய்?"

"சும்மா" என்றான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு வளவெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு. ஆகவே கலியாணம் முடிக்காத ஆம்பிளைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. தீபன் இத்தாலியில் இருந்த காலத்தில் மாமா போய், மாமியும் போய்விட்டார். மாமியின் செத்தவீட்டை அவன் போனில் பார்த்தான். அவன் காசு அனுப்பிக் கட்டிய வீடு அக்காவுடையதாகி, திரும்பி வந்தவனுக்கு முன் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. அக்காவும் அத்தானும் நல்ல மனிதர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவன் அந்த வீட்டில் விருந்தாளியைப் போலத்தான் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான். நான் இதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு என்னுடைய கவலை.

என்னுடைய கவலைக்குப் பெயர் சுகந்தி.

நான் அப்போது கால்நடைத் திணைக்களத்தில் சேர்ந்து கரடியனாற்றுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது, சினைக்கு ஊசி போடுவது. ஊரில் எனக்கு 'ஊசி சேர்' என்று பெயர். கந்தோர் கொடுத்த பழைய பைக் ஒன்று, அதன் பின்னால் ஐஸ் பெட்டி. அந்தப் பைக்கின் சத்தத்தை மாடுகள் நன்றாக அறிந்து வைத்திருந்தன. நான் சந்தி திரும்புவதற்குள் பட்டி கலைந்து காட்டுக்குள் போய்விடும். மாட்டுக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். படித்த காலத்தில் என்னைக் கண்டு ஒரு பூனைகூட ஓடியது கிடையாது, இங்கே எருமைக் கடா ஓடுகிறதே என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சுகந்தி அங்கே பால் சேகரிப்பு நிலையத்தில் இருந்தாள். காலையில் கான்களோடு வருகிறவர்களின் பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அளவுகோலைப் பாலுக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்து ஆளைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் கலப்பதை விட்டார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் எந்த ஊருக்குப் போவதென்றாலும் அந்த நிலையத்தைச் சுற்றித்தான் எனக்குப் பாதை. ஒருநாள் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள்: "காய்ச்சல் மாட்டுக்கெண்டுதானே வந்தீங்க சேர், உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" கான்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐஸ் பெட்டி திறந்து கிடந்ததைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்ததில் மருந்தெல்லாம் வீணாகி, கந்தோரில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அவளைக் கட்ட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் என்கிற அளவுக்கு வேண்டும்.

தனக்காகத் தானே போய்ப் பெண் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாமாவோ மச்சானோ போக வேண்டும். போகிறவர் மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு சொல்ல வேண்டும். எனக்கு மாமா இல்லை. அப்பா பத்துப் பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட வெட்கப்படுகிறவர், அந்த வெட்கத்தைத்தான் எனக்குச் சீதனமாகத் தந்தார். தீபனிடம் கேட்டிருக்கலாம். அதற்கும் வெட்கம். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். பெண் கேட்பதற்காகப் போகவில்லை. சும்மா போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவது. ஆனால் மாட்டு மூத்திரம் மணக்கிற கந்தோர் பைக்கில் போய்க் காட்டுகிற முகத்தை யார் பார்ப்பார்கள்? தீபனின் பைக்கைக் கேட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஓடக் காட்டித் தந்து, தொட்டியை நிரப்பி, "விழுத்திப் போடாத" என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பயணத்தை நான் வேகமாகச் சொல்ல முடியாது, வேகமாக ஓடவில்லை. கல்லடிப் பாலத்தில் மாட்டு வண்டி ஒன்றின் பின்னால் போனேன். அந்தப் பைக்குக்கு மெதுவாகப் போகத் தெரியாது. மெதுவாகப் போனால் சூடேறி, தொடை வேகும். நிமிர்ந்து இருக்கவும் முடியாது, ரோட்டில் விழுந்த எதையோ தேடுகிற மாதிரி குனிந்தே போக வேண்டும். செங்கலடியில் திரும்பிப் பதுளை ரோட்டில் ஏறியதும், சரி, இப்போது பார்ப்போம் என்று முறுக்கினேன். ஒரு நிமிஷம் என் ஆயுளில் அப்படிப் பறந்தது கிடையாது. அடுத்த நிமிஷம் ரோட்டுக்கு நடுவில் மாட்டுப் பட்டி. கந்தோர் பைக்கின் சத்தம் கேட்டுக் காட்டுக்குள் ஓடுகிற அதே மாடுகள், இத்தாலிச் சத்தத்தை அடையாளம் தெரியாமல் அசையாமல் நின்று என்னைப் பார்த்தன. பட்டி கடந்து முடியும்வரை வெந்த தொடையோடு நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி வீடு ரோட்டிலிருந்து உள்ளே, கிரவல் பாதையில். போய்ச் சேரும்போது சட்டையும் தலையும் ஒரே சிவப்புப் புழுதி. வேலி கம்பு வேலி, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். நான் இறங்குவதற்குள் வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. சுகந்தியின் அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, எதிரே பாயில் இருந்தார். அப்பா பட்டியோடு போயிருந்தார். அந்த வீட்டில் முடிவெடுப்பது அம்மாதான் என்று எனக்கு முன்பே தெரியும்.

சுகந்தி கதவு நிலையில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் பைக்கைப் பார்த்தாள். "இதுல பின்னால ஆள் இரிக்கேலுமா?"

"ஓம். ரெண்டு பேருக்கெண்டுதான் செய்தது."

"எந்த ரெண்டு பேருக்கு?" என்றாள். சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாகத்தான் இருப்பார்கள் அப்போது. அந்தத் தட்டில் ஒருபக்கமாக இருக்க முடியாது என்று பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அதுவரை விளங்கவில்லை.

"ஆர்ர பைக் மகன் இது?" என்று கேட்டார் அம்மா.

அங்கேதான் எல்லாம் தொடங்கியது. என்னுடையது என்று சொல்ல முடியாது. "எங்கட தீபன் மச்சான்ட, மாமி" என்றேன். தீபன் யார் என்று கேட்டார். சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. தீபனைப் பற்றிச் சொல்வதற்கு என்ன தடை? அவன் இத்தாலிக் கிழவரைப் பெற்ற தகப்பன் மாதிரிப் பார்த்ததைச் சொன்னேன். தானே சமைப்பான் என்றேன். குடிக்க மாட்டான், சிகரெட் தொட மாட்டான், அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் என்றேன். வாய் திறந்துகொண்டது, மூடத் தெரியவில்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் என் பேச்சுத் திறமைக்கு என்று நினைத்து மேலும் சொன்னேன்.

"இன்னும் கலியாணம் முடிக்கலையா?"

"எங்க மாமி. அவனுக்குப் பொம்பிள பாக்க ஆர் இரிக்கா?"

அம்மா மெதுவாகச் சிரித்தார். பெண் கேட்டு வருகிற மச்சான் ஒருவன் சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொல்லி முடித்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கதவு நிலையில் சுகந்தியைக் காணவில்லை. வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

புறப்பட எழுந்து பட்டனை அமத்தினேன். பைக் ஒரு தடவை இருமியது. பிறகு இருமவும் இல்லை. பற்றரி செத்துவிட்டது. வேலிக்கு வெளியே நின்ற ஆட்கள் உள்ளே வந்து, தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினால் வழிக்கு வருகிற சாதி இல்லை அது. "விட்டுத்துப் போங்க மகன். நம்மட வளவுக்க நிண்டா ஒண்டும் ஆகாது" என்றார் அம்மா. குரலில் ஒரு நிறைவு இருந்தது. நெல் காயப்போடுகிற படங்கை எடுத்துவந்து, வேப்பமரத்தின் கீழ் பைக்கைப் போர்த்தி வைத்தார்கள். நான் பஸ்ஸில் வந்தேன், மனசுக்குள்ளே பாட்டுத்தான்.

பற்றரி கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றான் தீபன். அது வரும்வரை பைக் அந்த வளவில் நின்றது. இப்போது யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருக்கிற ஊர் இது. ஒரு வளவில் புதிதாக ஒரு ஆணின் வாகனம் இரவு பகலாக நிற்கிறது என்றால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு மாட்டுக்காரர். பசுவின் கழுத்தை அவர் பிடித்திருக்க, நான் ஊசியைத் தூக்கியபோது சொன்னார்: "பால் அளக்கிற புள்ளைக்கு இத்தாலி மாப்பிள சரி வந்திட்டாம் சேர். ஆள் வர முந்தி பைக்க அனுப்பி வெச்சிரிக்காரு. நீங்கதானாமே போய்ப் பேசின?" ஊசி என் பெருவிரலில் ஏறியது. அந்த வருஷம் எனக்கு மாட்டு நோய் எதுவும் வரவில்லை.

விழுந்தடித்து நாவற்குடாவுக்கு வந்தால் அங்கே எனக்கு முன்னால் தயிர் வந்திருந்தது. சுகந்தியின் அம்மாவும் அவருடைய தம்பியும் ஓட்டோ பிடித்து, எருமைத் தயிர்ச் சட்டிகளும் வாழைக்குலையும் கொண்டுவந்து அக்காவோடு பேசிவிட்டுப் போயிருந்தார்கள். தீபன் முன் அறையில் கட்டிலில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளைப் பிடித்தான். "நீயாடா எனக்குப் பொம்பிள பாத்தாய்?" என்றான். "அம்மா செத்த பிறகு என்னப் பத்தி இப்பிடி ஒத்தரும் யோசிக்கல மச்சான்." அவன் கண் கலங்கியிருந்தது. அக்கா ஒரு கோப்பையில் தயிரும் தேனும் போட்டு என் கையில் தந்தாள்.

நான் தயிரைச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் திறக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி தயிரை உள்ளே விட்டேன். கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர். வாழ்க்கை கைவிட்டுப் போகிற நேரத்தில்கூட நாக்குக்கு ருசி தெரிகிறதே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டாவது கோப்பையும் தந்தார்கள்.

விடிந்ததும் பால் நிலையத்தில் போய் நின்றேன். வரிசையில் கான்களோடு ஆட்கள். சுகந்தி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அளவுகோலைப் பாலுக்குள் விட்டபடி கேட்டாள்: "சேர், அண்டைக்கு எங்கட வீட்ட எதுக்கு வந்தீங்க?"

"முகத்தைக் காட்ட" என்றேன். அவ்வளவு ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதில் வெளியே வந்தது அதுதான்.

"ஆர்ர முகத்த?"

கான்காரர்கள் எல்லாரும் கான்களைக் கீழே வைத்துவிட்டார்கள். "என்ட முகத்த. எனக்குத்தான் கேக்க வந்தன். எனக்குக் கேக்க வாய் வரல்ல. மச்சானப் பத்திச் சொல்ல வாய் வந்திச்சு. பிழையாப் போயித்து" என்றேன், ஒரே மூச்சில்.

அவள் அளவுகோலை எடுத்துத் துடைத்தாள். "இதச் சொல்லுறதுக்கு இத்தாலில இரிந்து பைக் வரணுமா?" என்றாள். அப்போதுதான் அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்தேன். இரவு முழுக்க அம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறாள். "அம்மாட்ட நான் சொல்லிக்கிறன். உங்கட மச்சானிட்ட ஆரு சொல்லுற?"

"நான் சொல்லுறன்."

"நீங்க சொல்லப் போனா அவருக்கு இன்னொரு பொம்பிளையப் பேசி முடிச்சித்து வருவீங்க. பேசாம இரிங்க. அவரு பைக் எடுக்க வரட்டும்."

பற்றரி வந்த அன்று தீபன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய முடி. பஸ்ஸில் பற்றரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஊரில் பயிர் எது, கிணற்றில் தண்ணீர் கோடையில் நிற்குமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். குடியிருக்கப் போகிறவன் கேட்கிற கேள்விகள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துப் பதில் சொன்னேன்.

அவன் வேப்பமரத்தின் கீழ் குந்தியிருந்து பற்றரியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சுகந்தி தண்ணீர்ச் செம்போடு போனாள். நான் தள்ளி நின்றேன். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை, பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். "அண்ணன்" என்று கூப்பிட்டுத்தான் தொடங்கியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்கு விளங்கியிருக்கும். அவன் திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தான். முறுக்கி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் முறுக்கினான். பிறகு எழுந்து, செம்பை வாங்கித் தண்ணீர் குடித்து, கையைக் கழுவினான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேரே போய், அம்மா போட்டு வைத்திருந்த கதிரையில் இருந்தான். மாப்பிள்ளைக்கென்று போட்ட கதிரை. "மாமி, நான் என்ட மச்சானுக்குப் பொம்பிள கேட்டு வந்திரிக்கன்" என்றான். அம்மாவின் முகம் இருண்டது. மகள் ஏற்கெனவே சொல்லியும் மனசு விடாமல் கதிரை போட்டு வைத்தவர், இவனே வந்து சொல்வான் என்று நினைக்கவில்லை. தீபன் நிறுத்தவில்லை. "அரசாங்க வேலை. பென்சன் இரிக்கி. மாடு கண்டு பாக்கத் தெரியும், உங்கட பட்டிக்கு அது உதவும். வாய்தான் இல்ல. கடைக்கு உப்பு வாங்கப் போய், கேக்க வெக்கப்பட்டுச் சீனி வாங்கித்து வாறவன். மனசுல களவு இல்ல மாமி. அதுக்கு நான் பொறுப்பு."

நான் அவனைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அவன் என்னைப் பற்றிப் பேசியது ஒரு தேத்தண்ணீர் ஆறுகிற நேரம். அம்மா பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம் அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் "அவளுக்குச் சரியெண்டா எனக்கென்ன மகன்" என்றார், தீபனிடம். நான் என் கலியாணம் சரிவந்த செய்தியை வேலிப் பக்கம் நின்று, மற்ற ஊர்க்காரர்களோடு சேர்ந்து கேட்டேன்.

பைக் முதல் அமத்தலிலேயே உயிர் வந்தது. "ஏறு" என்றான் தீபன். அந்த வெற்றிலைத் தட்டில் ஏறி, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பதுளை ரோடு வெறிச்சென்று கிடந்தும் அவன் முறுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். எஞ்சின் சூடேறி அவன் காலையும் என் காலையும் சுட்டது, அவன் கவனிக்கவில்லை. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வெயில் சாய்ந்து, வாவியில் தோணிகள் வலை போட்டுக்கொண்டிருந்தன. அங்கேதான் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"பின்னால ஆள் இரிந்தா இது வேற மாதிரி ஓடுது மச்சான்" என்றான்.

நான் அவனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, எல்லாருக்கும் ஓடியோடி வேலை செய்தவன் அவன்தான். அது முடிந்து கொஞ்ச நாளில், அந்தக் கிழவருக்குச் சுகமில்லையாம், தன்னைக் கேட்கிறாராம் என்று சொல்லித் திரும்பிப் போனான். அக்கா அழுதாள். முன் அறையில் இப்போது அவளுடைய மகன் ரியூசன் நடத்துகிறான்.

நான் வழக்கப்படி கரடியனாற்றுக்குக் குடிபோனேன். பிறகு மகளின் படிப்புக்காக எல்லாருமாக இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அந்த வளவுக்கு இப்போது மதில். ஊரில் எல்லா வளவுக்கும் மதில்தான், உள்ளே யாருடைய வாகனம் நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது, தெரிந்து ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. பால் நிலையத்தில் பாலை இயந்திரம் அளக்கிறது. அது யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுகந்தி கோபம் வந்தால் இப்போதும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறாள், ஆகவே வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை.

தீபன் கலியாணம் முடிக்கவில்லை. கிழவர் போய்விட்டார், இப்போது இன்னொரு கிழவர். நல்ல நாள் பெருநாளில் போன் எடுப்பான். சுகந்தியிடம் "தங்கச்சி" என்று நலம் கேட்பான், மகளிடம் படிப்பைக் கேட்பான், என்னிடம் மாடுகளைக் கேட்பான். பெற்றோல் செட்டிலிருந்து வந்த அன்று நானே அவனுக்கு எடுத்தேன். சிவப்புப் பைக் ஒன்றைக் கண்டேன் என்றேன், பூனைக்குட்டி ஹெல்மெட்டையும் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். அவனுடையதைப் போகிறபோது கொழும்பில் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது எங்கே, இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடுதாம். வாங்கினவன் படம் அனுப்பினவன்" என்றான். "பின் சீட்டக் கழட்டிப் போட்டு ஒராள் மொடலாக்கிட்டான். அதுதான் வடிவாம்."

"கழட்டின சீட் எங்கயாம்?"

"ஆருக்குத் தெரியும் மச்சான்" என்றான் தீபன்.